பாதிப் பிள்ளை

அக்கா, நீங்க இதுக்கு முன்னால துரியன் தின்னிருக்கீங்களா?

இல்லையா? அப்படின்னா மூக்கைப் பொத்தாதீங்க. பொத்தினவங்களுக்குத் தொண்டையில இறங்கவே இறங்காது. முதல்ல நல்லா இழுத்து மூச்சு விடுங்க, பத்து தரம். அழுகின வெங்காயமும் அடிப்பிடிச்ச பாயசமும் சேர்ந்த மாதிரி வரும். பத்து மூச்சுக்குப் பிறகு மூக்கு தானா அடங்கிரும். உங்க வீட்டுக்காரர் கீழே கார்லயே இருக்கட்டும். ஓங்கரிக்கிற ஆம்பிளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு பொம்பிளை இதைத் தின்ன முடியாது.

இந்தச் சாக்கு மேல உட்காருங்க. ஈரச் சேலை குளிரத்தான் செய்யும், ஆடிச் சாரல் இல்லையா. ஓடையில முங்கின ஈரம் காயறதுக்குள்ள தின்னு முடிக்கணும், அதுதான் முறை. வெறும் வயிறுதானே? காப்பி கூடக் குடிக்கலையே? நல்லது.

இது இன்னைக்கு விடியக்காலம் விழுந்தது. இந்த வருஷத்துல விழுந்த முதல் பழம். எங்க வீட்டுல முதல் பழத்தை விலைக்குக் கொடுக்கிறது கிடையாது. நானும் உங்ககிட்ட விலை ஒண்ணும் கேட்கலையே. பதினோரு வருஷம்னு நீங்க சொன்னதும் எனக்கு மனசு கேட்கலை, அவ்வளவுதான். முறைப்படி பார்த்தா இது என் ஓரகத்தி பூவம்மாவுக்குப் போகணும். என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. அவளுக்கும் பிள்ளை கிடையாது. ஆனா அவள் இப்போ இங்கே இல்லை. என் பையனுக்கு ஊசி போடுகிற நாள் இன்னைக்கு. அவள்தான் தூக்கிக்கிட்டு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காள். பழம் விழுந்ததே அவளுக்குத் தெரியாது. திரும்பி வரப் பதினோரு மணியாவது ஆகும். அதுக்குள்ள நீங்க முடிச்சிரலாம்.

அரிவாளை எடுத்ததும் ஏன் நகர்றீங்க? இது பழத்துக்கு.

சும்மா பார்த்தா முள்ளு மட்டும்தான் தெரியும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அஞ்சு கோடு ஓடி ஒரு இடத்துல வந்து சேருது, தெரியுதா? முள்ளு எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா வகிடு எடுத்த மாதிரி சாய்ஞ்சு நிற்கும். தெரியாதவங்க குறுக்கே வெட்டுவாங்க. வெட்டினா சுளை எல்லாம் சிதைஞ்சு களியாப் போயிரும். கோடு சேருகிற இடத்துல அரிவாள் மூக்கை வச்சு ஒரே குத்து. அப்புறம் திருகணும், பூட்டுக்குள்ள சாவியைத் திருகுற மாதிரி. பாருங்க, வாயைத் திறந்துட்டுது. இனிமே சாக்கைச் சுத்தி ரெண்டு கையாலயும் பிளந்தா போதும். உள்ளே அஞ்சு அறை. ஒவ்வொரு அறையிலயும் மஞ்சளா ரெண்டு மூணு சுளை, பச்சைப் பிள்ளை தூங்குகிற மாதிரி.

இந்தாங்க. முதல் சுளை. கொட்டையைத் துப்பாம கையில வச்சுக்கிடுங்க, எண்ணி முந்தானையில முடியணும். எப்படி இருக்கு? வெண்ணெய் மாதிரி இல்லை? முதல்ல அப்படித்தான் இருக்கும், பின்னாலதான் தொண்டையைப் பிடிக்கும். எனக்கு ஒரு சுளை வேண்டாமான்னு கேட்காதீங்க. நல்ல மனசுதான், ஆனா கேட்கவே கூடாது. ஒரு பழம், ஒரு வயிறு. பங்கு போட்டா பிள்ளையும் பங்காகிரும். எங்க அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா, சொல்லுவாள், இதே மலையில அக்காளும் தங்கச்சியும் ஆசையா ஆளுக்குப் பாதி தின்னாங்களாம். ஒருத்திக்குப் பிறந்ததுக்குக் காது கேட்கலையாம், இன்னொருத்திக்குப் பிறந்ததுக்குப் பேச்சு வரலையாம். ஒரே பிள்ளைக்கு வர வேண்டிய காதும் வாயும் ரெண்டு வயித்துக்குப் பிரிஞ்சு போச்சு. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவள், எல்லாத்தையும் நம்புகிறவள் கிடையாது. ஆனா இதை நம்புவேன். என் வீட்டுலயே நடந்திருக்கு.

சொல்லுதேன். நீங்க தின்னுக்கிட்டே கேளுங்க.

என் பேரு குழல்வாய்மொழி. அவ்வளவு நீளமா யாரும் கூப்பிடுறது இல்லை, வாய்மொழின்னுதான். நான் இந்தத் தோப்புக்கு வாக்கப்பட்டு வந்தப்போ பூவம்மா வந்து அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு. அஞ்சு வருஷமும் முதல் பழம் அவளுக்குத்தான். ஈரச் சேலையோட உட்கார்ந்து முழுசாத் தின்னிருக்காள். ஒண்ணும் நிற்கலை. அதுக்குப் பிறகு நான் வந்தேன். மூணு வருஷம் எனக்கும் ஒண்ணும் இல்லை. அந்த மூணு வருஷமும் முதல் பழம் மூத்தவளுக்குத்தான் போச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பலிக்காதுன்னு தெரிஞ்ச வயித்துலயே கொண்டுபோய்க் கொட்டுறாங்க, நான் பக்கத்துல நின்னு கை கழுவத் தண்ணி ஊத்துறேன்.

எங்க அத்தைக்கு அடிக்கிற கை நீளம். வாய் அதை விட நீளம். நான் வந்த முதல் வருஷம் எனக்கு நாப்பது நாள் தள்ளிப் போச்சு. சந்தோஷத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அத்தை கருப்பட்டி வாங்கிப் பணியாரம் சுட்டாள். நாப்பத்தி ஒண்ணாம் நாள் காலையில வந்துட்டுது. அன்னைக்கு அத்தை துவைச்சுக்கிட்டு இருந்த ஈரச் சேலையை முறுக்கி என்னை அடிச்சா பாருங்க, "பொய் சொல்லிப் பணியாரம் தின்ன வாயைக் காட்டுளா"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாள். முதுகுல வரிவரியா எழும்பிட்டுது. பூவம்மாதான் குறுக்கே விழுந்து ரெண்டு அடி வாங்கினாள். நான் அதை மறக்கலை. ஆனா அவள் ஏன் விழுந்தாள்னும் யோசிச்சேன். எனக்குப் பிள்ளை இல்லைன்னு ஆனதுல அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி, அதுதான் அடியைக் கூட வாங்க வச்சிருக்கு.

நாலாவது வருஷம் ஆடி பிறந்ததும் அத்தை அடுப்படியில வச்சு ரெண்டு பேரையும் நிறுத்திச் சொன்னாள். "இந்தத் தரம் மூத்தவ இளையவ எல்லாம் கிடையாது. பழம் விழுந்ததும் எவ கை முதல்ல படுதோ அவ தின்னட்டும். அடுத்த ஆடிக்குள்ள எவ வயிறும் திறக்கலைன்னா ரெண்டு பேரையும் அனுப்பிட்டு எம் மவனுங்களுக்கு வேற பொண்ணு பாப்பேன்."

சும்மா சொல்லலை அக்கா. பொண்ணே பார்த்து வச்சிருந்தாள். அத்தையோட அண்ணன் வீட்டுல ரெண்டு குமரு இருந்துச்சு.

துரியனைப் பறிக்கக் கூடாது, அதுவா விழணும். எப்போ விழும்னு மரத்துக்கே தெரியாது. அதனால நானும் பூவம்மாவும் மரத்தடியிலயே குடி இருந்தோம். பகல்ல ஆளுக்கு ஒரு பக்கம். இருட்டினதும் பக்கத்துக் காவல் குடிசையில ஆளுக்கு ஒரு பாய். பதினேழு நாள். சாரல்ல பாயே ஊறிப்போச்சு. அவள் தூங்காம இருக்காளேன்னு நானும் தூங்காம இருந்தேன். ரெண்டாம் நாளே நான் ஒரு வேலை செய்தேன். போன வருஷத்துத் துரியன் தொலி காய்ஞ்சு கிடந்துச்சு. அதை எடுத்து அவள் பாய்க்கு அடியில வச்சேன். அவள் படுத்தாள், எழுந்தாள். முதுகுல நாலு இடத்துல ரத்தம். தொலியை எடுத்து வெளியே எறிஞ்சிட்டுப் படுத்துக்கிட்டாள். அந்த அழுத்தம்தான் எனக்கு ஆகாது. திட்டினா நானும் திட்டுவேன், தீர்ந்துரும்.

விடியக்காலம் அவள்தான் சுக்குக் காப்பி போடுவாள், ரெண்டு தம்ளர். நான் என் தம்ளரைக் குடிக்கிறதே இல்லை. தூக்க மருந்து கலந்திருந்தா? பாறைக்குப் பின்னால ஊத்திருவேன். எனக்கு அப்போ வேற காப்பி வாசனையே ஆகலை. சோறு வேகுற வாசனை ஆகலை. காலையில எந்திரிச்சதும் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரிப்பு. பதினேழு நாள் துரியன் மரத்தடியில கிடந்தா யாருக்குத்தான் ஓங்கரிக்காது? நின்னா தூக்கம், உட்கார்ந்தா தூக்கம். அதோட ரெண்டு மாசமா வீட்டுக்கு விலக்கும் ஆகலை. மலைக்குளிர்ல வயிறே வறண்டு போச்சுன்னு நான் நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. பணியாரம் தின்ன முதுகு இல்லையா, மறுபடியும் சொல்ல முடியுமா? வறண்டு போச்சுன்னு அத்தைக்குத் தெரிஞ்சா அடுத்த ஆடி வரைக்கும் கூடக் காத்திருக்க மாட்டாள். அதனால எனக்கு அந்தப் பழம் வேணும். அதை விட்டா எனக்கு வேற வழி கிடையாது. இது உங்களுக்குப் புரியும். உங்களுக்குப் புரியாம யாருக்குப் புரியப்போகுது.

ஏன் நிறுத்திட்டீங்க? ரெண்டாவது அறையைத் தொடுங்க.

பதினெட்டாம் நாள் விடியக்காலம், காக்காய் கூடக் கத்தலை, தொப்புன்னு விழுந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டவங்க மறக்க மாட்டாங்க, ஈர மண்ணுல ஒரு ஆளை மேலே இருந்து போட்ட மாதிரி இருக்கும். நான் பாய்ஞ்சு எந்திரிச்சேன். தலை சுத்திட்டுது. குடிசைக் காலைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறதுக்குள்ள பூவம்மா ஓடிட்டாள். நான் போய்ச் சேரும்போது அவள் கையில பழம். முந்தானையால சுத்திப் பிடிச்சிருக்காள். சாரல்ல நனைஞ்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

சிரிச்சுக்கிட்டே என்ன சொன்னாள் தெரியுமா? "ஏளா வாய்மொழி, ஓடாத, விழுந்துராத. அத்தைக்குத் தெரிய வேண்டாம். நீ பாதி, நான் பாதி."

பாதி. எட்டு வருஷமா முழுசு முழுசாத் தின்னு செரிச்சவள், எனக்குன்னு வந்த ஒரு வருஷத்துல பாதி தாராளாம். பாதிப் பிள்ளையை வச்சு நான் என்ன செய்ய? காது கேட்காத பாதியா, பேச்சு வராத பாதியா? எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாதா? அதே அத்தைகிட்ட அதே கதையைக் கேட்டவள்தானே அவளும்? தெரிஞ்சேதான் சொல்லுதாள். தனக்கு வாய்க்காதது எனக்கும் முழுசா வாய்க்கக் கூடாது, அதுக்குத்தான் பாதி. எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி ஆயிட்டுது.

நான் காம்பைப் பிடிச்சு இழுத்தேன். அவள் விடலை. "ஏளா, இரு, முள்ளு குத்திரும், நானே வெட்டித் தாரேன்"கிறாள். நான் அவள் மணிக்கட்டைக் கடிச்சேன். பல்லுல எலும்பு தட்டுகிற வரைக்கும் கடிச்சேன். அவள் கையை விட்டதும் பழம் எனக்கு வந்துட்டுது. அத்தோட நான் ஓடியிருக்கணும். அதைத்தான் எல்லாரும் கேட்டாங்க, கையில கிடைச்ச பிறகு ஏன்டி அடிச்சேன்னு. கேட்கிறவங்களுக்கு என்ன. அவள் கை முதல்ல பட்டுட்டுதே. அத்தைகிட்ட போய் ஒரு வார்த்தை சொன்னாள்னா பழம் அவளுக்கு. அவள் வாயைத் திறக்கக் கூடாது, அது ஒண்ணுதான் எனக்கு அப்போ.

ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும் அந்தப் பழம். காம்பைப் பிடிச்சுத் தூக்கி அவள் தோள்ல போட்டேன். "அம்மா"ன்னு குனிஞ்சாள். குனிஞ்சவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்த முகத்துலயே இன்னொண்ணு. சத்தமே வரலை அக்கா. பூசணிக்காயைத் தரையில வச்ச மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பழத்தை எடுக்கும்போது வரலை. முள்ளு மாட்டிக்கிட்டுது. இழுத்துத்தான் எடுத்தேன். அதுக்குப் பிறகும் ஒரு தரம் அடிச்சேனா இல்லையான்னு எனக்கு நினைவு இல்லை. எல்லார்கிட்டயும் ஒரு தரம்னுதான் சொன்னேன்.

இடது கண்ணு. கன்னத்துல ஏழு ஓட்டை. அவள் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு, விரல் இடுக்குல ரத்தம் வடிய, மண்ணுல உட்கார்ந்தாள். உட்கார்ந்துக்கிட்டு என்னைத் திட்டலை. "வாய்மொழி, என்னைக் கீழ கூட்டிட்டுப் போளா, ஒண்ணும் தெரியலை"ன்னாள். எப்படி நடிப்பு பாருங்க. இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு.

அதுக்குள்ள அத்தை வந்துட்டாள், பூவம்மா புருஷன் பெரியத்தான் வந்துட்டார், என் வீட்டுக்காரர் குத்தாலிங்கமும் வந்துட்டார். அவர்தான் சேலையில தொட்டில் கட்டி, கம்பு செருகினார். அண்ணனும் தம்பியுமாத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. அத்தை பின்னாலயே ஒப்பாரி வச்சுக்கிட்டு ஓடினாள். யாரும் என்னை ஒண்ணும் கேட்கலை. பழம் என் காலடியில கிடக்கு.

நான் என்ன செய்யணும், சொல்லுங்க. கூட ஓடியிருக்கணுமா? ஓடினா அவள் கண்ணு வந்துருமா? பழம் குரங்குக்குப் போயிரும். எல்லாம் வீணாப் போயிரும். அவள் பட்ட பாடும் சேர்ந்துதானே வீணாப் போகும். நான் ஓடையில முங்கினேன். கை ரத்தம் போச்சு. பழத்தை மட்டும் கழுவ முடியாது, கழுவினா முறை கெட்டுரும். முள்ளுக்கு முள்ளு ரத்தம் உறைஞ்சு கிடந்துச்சு, ஒரு இடத்துல இமை முடி ஒட்டியிருந்துச்சு. அதைக் கிள்ளி எறிஞ்சேன். அப்புறம் இப்போ உங்களுக்குக் காட்டினேனே, அதே மாதிரி கோடு பார்த்து, குத்தி, திருகி, பிளந்தேன். பிளக்கும்போது என் உள்ளங்கை கிழிஞ்சுது. அவள் ரத்தம் எது என் ரத்தம் எதுன்னு தெரியலை.

அக்கா, முகத்தைத் திருப்பாதீங்க. வாந்தி மட்டும் வரவே கூடாது. வந்தா அத்தோட சரி. வாயைக் கையால அடைச்சுக்கிட்டு மூக்கால மூச்சு விடுங்க. நானும் அப்படித்தான் செய்தேன். எனக்கு ஒவ்வொரு சுளைக்கும் குமட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு தரம் தொண்டை வரைக்கும் வந்ததை அப்படியே திரும்ப முழுங்கினேன். சுளை இனிப்பு, கையில வடியுறது உப்பு. அஞ்சு அறை, பதிமூணு கொட்டை. ஒரு நார் மிச்சம் வைக்கலை. தொலிக்குள்ள தண்ணி ஊத்திக் குடிச்சேன். நீங்களும் கடைசியில குடிக்கணும், சூடு தணியும், கையில வாசனையும் போகும்.

முந்தானையில முடிச்சுப் போட்டுக்கிட்டு நிமிர்ந்தா பெரியத்தான் நிற்கிறார். ஜீப் கிடைச்சு அவளை அத்தையோட அனுப்பிட்டு இவர் திரும்பி ஓடி வந்திருக்கார். கண்ணு ரெண்டும் சிவந்து போயிருக்கு. வெறும் தொலியைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். "தின்னுட்டியா"ன்னு கேட்டார். "தின்னுட்டேன்"னேன். முடியைப் பிடிச்சு ஓடை வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போய்ப் பாறையில போட்டு இடுப்புல மிதிச்சார். மூணு மிதி. இங்கே, அடிவயித்துக்குப் பக்கத்துல. நல்லவேளை, அப்போ என் வயித்துல ஒண்ணும் இல்லை. இருந்திருந்தா அன்னைக்கே கலங்கிப் போயிருக்கும்.

அப்புறம் அரிவாளை எடுத்தார். நான் பிளந்த அதே அரிவாள். ஓங்கும்போது அண்ணன் பின்னாலயே ஓடி வந்த என் வீட்டுக்காரர் வெறுங்கையால வெட்டுவாயைப் பிடிச்சுட்டார். சுண்டு விரலும் பக்கத்து விரலும் தோல்ல தொங்குச்சு. அண்ணனைப் பார்த்து, "எண்ணே, வேண்டாம், ஜெயிலுக்குப் போகாத"ங்கிறார். என்னை விடுன்னு சொல்லலை பாருங்க. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இப்போ அந்த ரெண்டு விரலும் மடங்காது, மத்தபடி நல்லா இருக்கார்.

ஆஸ்பத்திரியில பூவம்மாகிட்ட டாக்டர் கேட்டிருக்கார், போலீஸ்காரரும் வந்து கேட்டிருக்கார். "மரத்தை அண்ணாந்து பாத்தேன், பழம் முகத்துல விழுந்துட்டு"ன்னு சொல்லிட்டாள். மணிக்கட்டுல பல்லு பட்டிருக்கேன்னு கேட்டதுக்கு "வலி தாங்காம நானே கடிச்சேன்"னாளாம். என்னைக் காப்பாத்தினாள்னு ஊர்ல பேசுறாங்க. எனக்குத் தெரியாதா? ஓரகத்திகிட்ட அடி வாங்கினேன்னு சொல்ல அவளுக்கு வெட்கம். கண்ணைத் தோண்டி எடுத்துட்டாங்க. இப்போ ஒத்தக் கண்ணோடதான் நடமாடுறாள். கண்ணாடியில பொய்க் கண்ணு ஒண்ணு வச்சுவிடலாம்னு சொன்னதுக்கு வேண்டாம்னுட்டாள்.

இதுக்குப் பிறகுதான் விசேஷமே. பழம் தின்ன மறுமாசமே எனக்கு வயிறு வச்சுட்டுது. மறுமாசமே அக்கா. இந்த மலையில யாருக்கும் அவ்வளவு சுருக்கா நின்னது கிடையாது. அது மட்டுமா. ஏழே முக்கால் மாசத்துல பிறந்தான், பங்குனியில. எவ்வளவு எடை தெரியுமா? மூணு கிலோ நூறு கிராம். நகம் முளைச்சு, தலை நிறைய முடி. நர்சம்மா என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாள். "தேதியைத் தப்புத் தப்பாச் சொல்லுதே, இது பத்து மாசப் பிள்ளை, நீ ஆடிக்கு முன்னாலயே உண்டாகியிருக்க"ன்னாள். நான் விடலை. எந்த நாள்ல பழம் தின்னேன்னு எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஏட்டுப் படிப்பு. துரியன் பிள்ளைக்குப் பத்து மாசம் எதுக்குன்னு கேட்டேன். தன் தேதியையே எழுதிக்கிட்டுப் போயிட்டாள்.

மூணு அறை முடிஞ்சுதா? ஏன் கண்ணுல தண்ணி வருது? காட்டமா இருக்கா? இன்னும் ரெண்டுதான்.

பிள்ளை முழுசாத்தான் பிறந்தான். காது, வாய், கை, கால் எல்லாம். ஆனா ரத்தம் கலந்துட்டுது இல்லையா, அந்தக் குறை ஒண்ணு இருக்கு. அவன் அவள்கிட்டதான் போறான். நான் பால் கொடுத்து இறக்கி விட்டதும் தவழ்ந்து தவழ்ந்து அவள் மடிக்குப் போயிருவான். அந்தக் கண்ணு இல்லாத குழிக்குள்ள விரலை விட்டு விளையாடுவான், அவளும் சிரிப்பாள். முதல் முதல்ல "அம்மா"ன்னு சொன்னது அவளைப் பார்த்து. எனக்கு அன்னைக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நல்லதுதானே? குளிப்பாட்டுறது, ஊட்டுறது, ராத்திரி காய்ச்சல்னா தோள்ல போட்டு நடக்கிறது எல்லாம் அவள்தான். நான் சீசன்ல அருவிக்கரையில கடை போடுறேன், மத்த நாள்ல கிராம்பு பொறுக்குறேன், நிம்மதியாத் தூங்குறேன். பிள்ளை பெத்தும் உடம்பு கலையாம இருக்கேன்னு எல்லாரும் கேட்கிறாங்க.

இதுலதான் ஒரு சிக்கல். போன வருஷம் அத்தையே சொல்லிட்டாள், முதல் பழம் இனிமே பூவம்மாவுக்குன்னு. பெரியத்தானும் அவளை அனுப்பமாட்டேன்னு பிடிவாதமா நிற்கிறார். அவளும் கேட்டாள், என்கிட்டயே வந்து கேட்டாள். "வாய்மொழி, ஒரு தரம் தின்னு பாக்கேன். அப்பறம் கேக்க மாட்டேன்." நானும் சரின்னுதான் சொன்னேன். ஆனா யோசிங்க. அவளுக்கு ஒண்ணு பிறந்துட்டா என் பையனை யாரு பார்ப்பா? சொந்தப் பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு என் பிள்ளையைத் தரையில விடுவாள். ஏக்கத்துல அவனுக்குக் காய்ச்சல் வந்துரும். பெத்தவளுக்குத்தானே அந்தப் பயம். அதனால போன வருஷம் விழுந்த முதல் பழத்தைக் கருமந்தி கடிச்சுப் போட்டுட்டுதுன்னு சொன்னேன். அதைப் புளியங்குடிக்காரி ஒருத்திக்குக் கொடுத்தேன், உங்களை மாதிரிதான், பாவம். இந்த வருஷம் உங்களுக்கு. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கலையே. ஏதோ ஒரு வயிறு நிறையட்டும்.

அக்கா, பேசாம இருங்க. பையன் குரல்தான் அது. ஊசி போட்டா மத்தியானம் வரைக்கும் அழுவான்னு பார்த்தேன், சிரிக்கிறான். சீக்கிரமா வந்துட்டாள். பாதையைப் பாருங்க, அந்தக் கிராம்பு மரத்துக்குப் பக்கத்துல. கழுத்தை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு நடந்து வாராளே, அவள்தான் பூவம்மா. நிற்கிறாள். வாசனை பிடிச்சுட்டாள். இந்தப் பழத்தை யாராலயும் ஒளிச்சு வைக்க முடியாது.

பயப்படாதீங்க, உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாள். என்னையும் ஒண்ணும் சொல்ல மாட்டாள், அவளுக்குச் சொல்ல வராது. எந்திரிக்காதீங்க, ஈரம் காயலை. இந்த அறையில இன்னும் மூணு சுளை இருக்கு, அதுல ஒண்ணு சின்னது. அவள் பக்கத்துல வந்து பையனை இடுப்புல வச்சுக்கிட்டே நிற்பாள். முதல்ல உங்களுக்கு எத்தனை வருஷம்னு கேட்பாள். பதினோரு வருஷம்னா அவளுக்கு உங்க மேல இரக்கமா இருக்கும், உங்க தலையைத் துவட்டக் கூட வருவாள். அப்புறம் ஒரே ஒரு சுளை கேட்பாள், கையை நீட்டி, மெதுவாத்தான் கேட்பாள்.

கொடுத்துராதீங்க, அக்கா.